கட்சிக்குள் கட்சி: திருவிதாங்கூர் காங்கிரசின் கோஷ்டிச் சண்டையும் தமிழர் பெற்றதும் இழந்ததும்

அரசியல் பேசும்போது நாம் சாதாரணமாகச் சொல்கிற 'கோஷ்டி' என்ற சொல் ஒரு காலத்தில் நல்ல சொல்லாக இருந்தது. வடமொழியில் அதற்குக் கூடிப் பேசும் சபை என்று பொருள். வைணவக் கோயில்களில் பிரபந்தம் ஓதும் அடியார் குழாத்தை இன்றைக்கும் கோஷ்டி என்றுதான் சொல்கிறார்கள். சேர்ந்து ஓதுகிறவர்களைக் குறித்த சொல், பிரிந்து நிற்கிறவர்களைக் குறிக்கும் சொல்லாக மாறியது நம் கட்சிக்காரர்களின் கைங்கரியம்! மலையாளத்தில் அதே சங்கதிக்கு 'குரூப்பு' என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, சரக்கு ஒன்றுதான்.

இது கட்சிகளுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. எங்கள் சமண மரபில் ஒரு செய்தி உண்டு. மதுரையில் வச்சிரநந்தி என்பவர் திராவிட சங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார் என்று, கி.பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவசேனர் தம் தரிசனசாரம் என்ற பிராகிருத நூலில் எழுதி வைத்திருக்கிறார். விக்கிரம ஆண்டு 526, அதாவது கி.பி. 470ஐ ஒட்டிய காலம். நம் புலவர்கள் இதைப் பெருமையாக எடுத்துச் சொல்வார்கள். ஆனால் தேவசேனர் இதைப் புகழ்ந்து எழுதவில்லை. மூல சங்கத்திலிருந்து பிரிந்துபோனவர்கள் என்று கண்டித்து எழுதியிருக்கிறார். விதையில் உயிர் இல்லை என்றார்கள், குளிர்ந்த நீரில் குளித்தார்கள், நிலமும் வாணிகமும் வைத்துப் பிழைத்தார்கள் என்று குற்றப்பட்டியல் வேறு. ஆக, ஒரு தரப்புக்குச் சங்கம். மறு தரப்புக்கு அது பிளவு. அதே நிகழ்ச்சிதான், நிற்கிற இடம் வேறு. அநேகாந்தம் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அரசியல் கோஷ்டிகளைப் பார்க்கும்போதும் அந்தக் கண் வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது 1948 முதல் 1956 வரையிலான எட்டு ஆண்டுகள். இடம், நாம் இன்று குடியிருக்கும் இதே திருவனந்தபுரம். இந்த எட்டு ஆண்டுக் கதை தெரியாமல், நாகர்கோவில் ஏன் தமிழ்நாட்டில் இருக்கிறது, மூணாறு ஏன் கேரளத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு நம் பிள்ளைகளுக்குச் சரியான விடை சொல்ல முடியாது.

மூவர் கூட்டு

திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் 1938இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பட்டம் தாணுபிள்ளை, சி. கேசவன், டி.எம். வர்க்கீஸ் ஆகிய மூவரும் அதன் தூண்கள். ஒருவர் நாயர், ஒருவர் ஈழவர், ஒருவர் கிறிஸ்தவர். இது தற்செயல் அல்ல. திருவிதாங்கூரில் எந்த ஒரு சமூகத்துக்கும் தனியாகப் பெரும்பான்மை கிடையாது. மூன்று பெரிய சமூகமும் ஒரே பந்தலில் நின்றால்தான் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை எதிர்க்க முடியும் என்ற நிலை. நின்றார்கள், எதிர்த்தார்கள், சிறைக்கும் போனார்கள்.

1947 ஜூலையில் சர் சி.பி. தாக்கப்பட்டார்; ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனார். செப்டம்பர் 4ஆம் நாள் மகாராஜா பொறுப்பாட்சி அறிவித்தார். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையில் தேர்தல் நடந்தது. 120 இடத்தில் ஸ்டேட் காங்கிரசுக்கு 97. மார்ச் 24ஆம் நாள் பட்டம் பிரதமர் ஆனார் (அப்போது அப்படித்தான் பெயர்). ஆரம்பத்தில் மந்திரிசபையே அந்த மூன்று பேர்தான்.

எத்தனை மாதம் நின்றது? ஏழே மாதம். எதிர்க்கட்சி கவிழ்க்கவில்லை. 120இல் 97 வைத்திருக்கிறவரை எந்த எதிர்க்கட்சி கவிழ்க்கும்? சொந்தக் கட்சியே அவர்மேல் நம்பிக்கையில்லை என்றது. 1948 அக்டோபரில் பட்டம் விலகினார், பறவூர் டி.கே. நாராயணபிள்ளை வந்தார். 1949 ஜூலை 1ஆம் நாள் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யம் ஆனது. 1951 மார்ச்சில் சி. கேசவன், 1952 மார்ச்சில் ஏ.ஜே. ஜான், 1954இல் மறுபடியும் பட்டம் (இந்தத் தடவை பிரஜா சோஷலிஸ்ட்), 1955 பிப்ரவரியில் பனம்பிள்ளி கோவிந்தமேனன். எட்டு வருஷத்தில் ஆறு மந்திரிசபை! அனைவருமே ஒரு காலத்தில் காங்கிரஸ்காரர்கள்.

ஏன் உடைந்தது?

நாலு காரணம் சொல்லலாம்.

முதலாவது, பொது எதிரி போய்விட்டார். திவான் இருந்தவரை மூவருக்கும் ஒரே வேலை. அவர் போன பிறகு ஆளுக்கொரு வேலை.

இரண்டாவது, அளவுக்கு மீறிய பெரும்பான்மை. சபையில் எதிர்ப்பு இல்லாமல் போனால் அது கட்சிக்குள் முளைக்கும். தண்ணீர் மாதிரி, ஓட வழி இல்லாவிட்டால் சுவரில் கசியும். 97 பேரில் இருபது பேர் முகம் திருப்பினாலும் கட்சிக்கு ஆபத்து இல்லை என்ற தைரியம் அந்த இருபது பேருக்கும் இருந்தது.

மூன்றாவது, சமூகப் பங்கு. போராட்டத்தில் யாரும் பங்கு கேட்பதில்லை. லாபம் வரும்போதுதான் கேட்பார்கள். பங்குக் கடை வைத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நஷ்டத்தில் உடைகிற கூட்டைவிட, முதல் ஐந்தொகையில் லாபம் தெரிந்தவுடன் உடைகிற கூட்டுத்தான் அதிகம். மந்திரி நாற்காலி சில, கேட்கிறவர்கள் பலர். நாற்காலிக் கணக்கு சமூகக் கணக்காக மாறிவிட்டால் பிறகு தீர்வே இல்லை.

நான்காவது, தகராறு தீர்க்க உள்ளே ஒரு முறை இல்லாதது. தலைவர் சொன்னால் கேட்பது, கேட்கப் பிடிக்காவிட்டால் கவிழ்ப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலும் கோஷ்டி இருந்தது. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குச் சத்தியமூர்த்தி பக்கத்து காமராஜரும் ராஜாஜி பக்கத்து சி.பி. சுப்பையாவும் மோதினார்கள். 103க்கு 100, மூன்று வாக்கில் காமராஜர் ஜெயித்தார். சண்டை கடுமைதான், ஆனால் பெட்டியில் வாக்குப் போட்டு எண்ணினார்கள். கணக்கு முடிந்தது, கட்சி நின்றது.

நம்மவர் கட்சி

இந்த வீட்டுச் சண்டைக்கு நடுவில் தமிழர்கள் எங்கே இருந்தார்கள்? 1945 டிசம்பரில் சாம் நத்தானியல் முதலியோர் நாகர்கோவிலில் தொடங்கிய அமைப்பு, 1946இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் மாறியது. 1947இல் வழக்கறிஞர் ஏ. நேசமணி சேர்ந்த பிறகு அது பெரிய சக்தி ஆனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்ற ஒன்பது தாலுகாக்களையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

1948 தேர்தலில் இந்தக் கட்சிக்கு 14 இடம் கிடைத்தது. சின்ன எண்ணிக்கை அல்ல. ஆனால் 97க்கு முன்னால் 14க்கு என்ன மதிப்பு? பேசலாம், வெளிநடப்புச் செய்யலாம், அவ்வளவுதான்.

இனி கணக்கைக் கவனியுங்கள். 1952 தேர்தலில் 108 இடத்தில் காங்கிரஸ் 44, தமிழ்நாடு காங்கிரஸ் 8. இடம் குறைந்தது, மதிப்பு ஏறியது! 55 வேண்டிய இடத்தில் 44 வைத்திருப்பவனுக்கு 8 என்பது பொன். ஏ.ஜே. ஜான் மந்திரிசபைக்கு நம்மவர்கள் ஆதரவு கொடுத்தார்கள், ஏ. சிதம்பரநாத நாடார் மந்திரி ஆனார். ஆனால் தாலுகா விஷயத்தில் ஓர் அடி நகரவில்லை. 1953இல் ஆதரவைத் திரும்பப் பெற்றார்கள். செப்டம்பரில் மந்திரிசபை தோற்றது, சபை கலைந்தது.

1954 பிப்ரவரித் தேர்தலில் 117 இடம். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோஷலிஸ்ட் 9, சுயேச்சை 9. பெரும்பான்மைக்கு 59 வேண்டும். இடதுசாரி மூன்றும் கூடினால் 51. அதோடு நம் 12 சேர்ந்தால் 63. தமிழர் தயவில்லாமல் இடதுசாரி ஆட்சி கிடையாது என்ற நிலை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

வந்தது போலவே போயிற்று. கம்யூனிஸ்டுகள் வரக்கூடாது என்பதற்காக 45 பேர் வைத்திருந்த காங்கிரஸ், 19 பேர் வைத்திருந்த பட்டத்துக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்தது. 45உம் 19உம் 64. அன்றைக்கே நம் 12 பேரின் மதிப்பு பூஜ்யம் ஆனது. கட்சியை விட்டு விரட்டப்பட்ட பட்டமும், விரட்டிய காங்கிரசும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய வீட்டுக்குள் அண்ணன் தம்பி எவ்வளவு அடித்துக்கொண்டாலும், வெளியாள் வந்து வாசலில் நின்றால் ஒன்றாகிவிடுவார்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

1954 ஆகஸ்ட் 11

அந்த வருஷமே போராட்டம் முற்றியது. ஜூலையில் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் மூணாறில் தடையை மீறிக் கைதானார்கள். ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகத் தென் தாலுகாக்களில் கொண்டாடினார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின.

இங்கே ஒரு விசித்திரம். அந்தத் துப்பாக்கிச் சத்தம் திருவனந்தபுரத்தைவிட அலகாபாத்தில்தான் அதிகமாகக் கேட்டது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் பாசன வரிப் போராட்டத்தில் சிறையில் இருந்தார். சுதந்திர நாட்டில் ஒரு சோஷலிஸ்ட் ஆட்சி ஜனங்களைச் சுடலாமா, பட்டம் பதவி விலக வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும் என்றார். பட்டம் மறுத்தார். கட்சியின் மற்றத் தலைவர்கள் பட்டத்தைக் கைவிடத் தயாராக இல்லை. இந்தியாவிலேயே அவர்கள் கையிலிருந்த ஒரே ஆட்சி அது. அந்த ஆண்டு நவம்பரில் நாகபுரியில் கூடிய மாநாட்டில் லோகியா பக்கம் தோற்றது. அவர் பொதுச் செயலாளர் பதவியை விட்டார். 1955இல் கட்சி உடைந்தது. லோகியா தனியாகச் சோஷலிஸ்ட் கட்சி கண்டார்.

விளவங்கோட்டுத் தெருவில் விழுந்தவர்களுக்காக இந்தியாவின் ஒரு பெரிய கட்சியே பிளந்தது. இதை நம் மலர்களில் யாரும் அதிகம் எழுதியதில்லை. எல்லாப் பிளவும் நாற்காலிக்காக என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். லோகியாவுக்கு அந்தச் சண்டையில் கிடைத்தது ஒன்றும் இல்லை. இருந்த பதவியும் போயிற்று.

பட்டத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அரிசிப் பற்றாக்குறை உள்ள ராஜ்யம் அதை எளிதாக விட்டுக் கொடுக்குமா? தேவிகுளத்தில் தேயிலை மட்டுமல்ல, 1940இல் தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையமும் இருந்தது. பீர்மேட்டில் பெரியாறு. எந்த முதலமைச்சர் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைக் காக்கத்தான் பார்த்திருப்பார். சுட்டது தவறு, காக்க நினைத்தது தவறு என்று சொல்ல முடியாது.

தீர்த்தது யார்?

1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கையை எடுத்தது; பட்டம் விழுந்தார். பனம்பிள்ளி வந்தார். காங்கிரசின் 45ஓடு நம் 12 சேர்ந்து 57. மறுபடி நம்மவருக்கு விலை ஏறியது. ஆதரவு கொடுத்தார்கள். 1956 மார்ச்சில் பனம்பிள்ளியையும் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே விலகிக் கவிழ்த்தார்கள். ஜனாதிபதி ஆட்சி வந்தது.

ஆனால் தாலுகா விஷயம் இந்தச் சபையில் தீரவே இல்லை. 1953 டிசம்பரில் மத்திய அரசு அமைத்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன்தான் தீர்த்தது. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவரும் உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அறிக்கை தந்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஐந்தும் சென்னை ராஜ்யத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் இல்லை. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையில் ஒரு பகுதிதான் வந்தது. நெய்யாற்றின்கரை நம் ஊர்ப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் வரவு தெளிவாக இருக்கிறது. கோஷ்டிச் சண்டையால் நம்மவருக்குக் கிடைத்தது ஒரு மந்திரி பதவி, சில காலத்து மரியாதை. கிடைத்த நிலம், மக்கள் தொகைக் கணக்கும், மனுவும், சிறையும், உயிரும் கொடுத்துக் கிடைத்தது. அடுத்தவர் சண்டையில் கிடைக்கிற லாபம், கொடுக்கிறவருக்குக் கஷ்டமில்லாத அளவுக்குத்தான் இருக்கும். நாற்காலி கொடுப்பது எளிது, நிலம் கொடுப்பது கஷ்டம்.

தமிழ்நாடு காங்கிரசும் உட்பூசலுக்கு விலக்கு அல்ல. தொடங்கியவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் பிணக்கு, மந்திரிசபையில் சேருவதா வேண்டாமா என்ற தர்க்கம், நாஞ்சில் நாட்டுக்கும் மேற்குத் தாலுகாக்களுக்கும் சமூக வேற்றுமை, எல்லாம் இருந்தன. எல்லை என்ற ஒரே கோரிக்கை அவர்களைக் கட்டி வைத்திருந்தது. கோரிக்கை நிறைவேறியதும், 1957இல் கட்சி இந்திய தேசிய காங்கிரசில் கலந்தது. வேலை முடிந்ததும் கடையை மூடத் தெரிந்த கட்சிகள் இந்தியாவில் மிகக் குறைவு; அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. அதே வேளையில் தேவிகுளம், பீர்மேட்டில் விடுபட்ட தமிழர்களுக்குப் பேச அதற்குப் பிறகு அந்தக் கட்சி இல்லை. இதையும் பற்று எழுதத்தான் வேண்டும்.

ஒரு வேடிக்கை: நம்மவர் ஆதரவை விலக்கிக் கவிழ்த்தார்களே, அந்த ஏ.ஜே. ஜான் 1956 டிசம்பரில் சென்னை ராஜ்ய கவர்னராக வந்தார். கன்னியாகுமரி மாவட்டம் அவர் பெயரில்தான் முதல் வருஷம் ஆளப்பட்டது!

பிற்காலம்

பழக்கம் விடவில்லை. 1960இல் கேரள முதலமைச்சரான பட்டத்தை 1962இல் பஞ்சாப் கவர்னராக அனுப்பினார்கள், ஆர். சங்கர் முதல்வர் ஆனார். கவர்னர் மாளிகை என்பது கோஷ்டித் தலைவர்களின் மரியாதையான வனவாசம். 1964இல் பி.டி. சாக்கோ மந்திரி பதவி இழந்து, சில மாதத்தில் காலமானார். அவர் ஆதரவாளர்கள் 15 பேர் செப்டம்பரில் சங்கரைக் கவிழ்த்தார்கள். அக்டோபர் 9ஆம் நாள் கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் பிறந்தது. அது பிறகு எத்தனை துண்டானது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர்கள் விரல் போதாமல் நின்றுவிட்டார்கள். 1979இல் மாணியும் ஜோசப்பும் பிரிந்தார்கள், 1985இல் சேர்ந்தார்கள், 1987இல் பிரிந்தார்கள், 2010இல் சேர்ந்தார்கள். 2019இல் மாணி காலமான கையோடு அவர் மகனும் ஜோசப்பும் பிரிந்தார்கள்.

பெரிய காங்கிரசில் கருணாகரன், ஆன்டனி இரு பிரிவு. 1995இல் ஒருவர் இறங்க மற்றவர் ஏறினார். 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தில் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் ஆன்டனி விலகினார். 2005இல் கருணாகரன் தனிக்கட்சி கண்டார். 2006இல் அதற்குச் சட்டசபையில் கிடைத்தது ஒரே ஓர் இடம். கடைசியில் அவரும் பழைய வீட்டுக்கே திரும்பினார். கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்ற மார்க்சிஸ்ட் கட்சியும் தப்பவில்லை. 2007 மே மாதத்தில் முதலமைச்சர் அச்சுதானந்தனையும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனையும் ஒரே நாளில் பொலிட்பீரோவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அங்கே வித்தியாசம் என்னவென்றால், தீர்ப்புச் சொல்ல மேலே ஓர் இடம் இருந்தது. சண்டை இருந்தும் கட்சி உடையவில்லை.

நமக்கு என்ன?

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் சிறு எண்ணிக்கை. நகரசபைத் தேர்தல் வந்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் தமிழ்க் குடும்பங்களைத் தேடி வருகிறார்கள். வரட்டும். நெருக்கடி நேரத்தில் நம் வாக்குக்கு மதிப்பு ஏறும்; அந்த நேரத்தில் பதவி கேட்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு, தமிழ் ஆசிரியர் நியமனம் போல, மந்திரிசபை கவிழ்ந்தாலும் கவிழாத ஒன்றைக் கேட்க வேண்டும். அதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொன்று நம் வீட்டு விஷயம். கேரளத்துத் தமிழ் அமைப்புகள் பலவும் ஏன் இரண்டாகவும் மூன்றாகவும் இருக்கின்றன? மேலே சொன்ன நாலு காரணத்தையும் ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள், விளங்கிவிடும். பொது வேலை இல்லாதபோதுதான் பதவிச் சண்டை வருகிறது. முறையாகத் தேர்தல், குறித்த காலம் முடிந்ததும் விலகுதல், வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கு, தகராறு வந்தால் கேட்க மூன்று பெரியவர்கள். இவ்வளவும் இருந்தால் கருத்து வேற்றுமை இருந்தாலும் சங்கம் இருக்கும்.

ஏழு மாதத்தில் கலைந்த அந்த மூவரும் சாதாரண மனிதர்கள் அல்ல, தியாகிகள். தியாகம் மட்டும் ஒரு கட்சியைக் காப்பாற்றாது, முறைதான் காப்பாற்றும் என்பது அவர்கள் விட்டுச் சென்ற பாடம். கோஷ்டி என்ற சொல்லுக்குச் சேர்ந்து ஓதுகிற பழைய பொருளை நம் சங்கங்களிலாவது திரும்பக் கொண்டுவருவோம்.